நகராத புரட்டாசி

"எடுத்துட்டனுங்க சாமி. ஆனா போகமாட்டீங்குது."

கரட்டடி மடத்தில் அன்றைய காலை இந்தக் குறையோடு ஆரம்பித்தது.

அடிகள் வில்வக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எதை எடுத்தீங்க?"

"கம்ப்யூட்டர்ல இருந்த ஆபீஸ் சாப்ட்வேருங்க."

"எடுத்தா போயிருக்கணுமே."

"எடுத்தாச்சுன்னு அதே சொல்லுதுங்க. புதுசைப் போடப் போனா, பழசு உள்ள இருக்குதுங்குது. என்னை வச்சு வெளையாடுதுங்க சாமி."

சொன்னவர் சென்னியப்பர். நூல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மடத்துக்கு வந்தார். வயதில் அடிகளைவிட மூத்தவர். ஆனாலும் மடத்தில் சீடர் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அவர் ஒருவர்தான்.

அடிகள் செவ்வாய்க்கிழமைகளில் பேசுவார். சென்னியப்பர் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து வைப்பார். தைப்பூசத்துக்கு அந்தப் பேச்செல்லாம் புத்தகமாக வர வேண்டும். அன்றைக்கே தீட்சையும் தருவதாக அடிகள் வாக்குக் கொடுத்திருந்தார்.

புத்தகம் வராவிட்டால் சென்னியப்பர் தாங்கிக்கொள்வார். தீட்சை கிடைக்காவிட்டால் தாங்கமாட்டார். வந்த நாளிலிருந்து அவர் காத்திருந்தது அது ஒன்றுக்குத்தான்.

பூசம் நாளை மறுநாள்.

"நல்லா வேலை செஞ்சுக்கிட்டுத்தானே இருந்துச்சு," என்றார் அடிகள். "அதை ஏன் எடுக்கணும்?"

"அது ட்ரையல் வெர்ஷனுங்க."

"அப்படின்னா?"

"கொஞ்ச நாளைக்குச் சும்மா குடுப்பாங்க. வச்சுப் பாத்துட்டு, புடிச்சா முறையா வாங்கிக்கோணும். இல்லீன்னா எடுத்துறோணும்."

"ரெண்டும் செய்யாம இருந்தா?"

"பூட்டிக்குமுங்க. எழுதினதைத் தொறந்து படிக்கலாம். புதுசா ஒரு எழுத்து எழுத உடாது."

அடிகள் ஊற்றுவதை நிறுத்தினார்.

"நம்முது எப்பப் பூட்டுச்சு?"

சென்னியப்பர் தரையைப் பார்த்தார்.

"பூட்டலீங்க."

"ஏன்?"

"நான் பூட்ட உடலீங்க."

அடிகள் இப்போதுதான் திரும்பினார்.

"தேதியைப் பின்னாடி தள்ளி வச்சனுங்க சாமி. பொரட்டாசி பொறந்தப்பப் போட்டது. ஐப்பசி வர்றதுக்குள்ள மறுக்காவும் பொரட்டாசிக்கே கொண்டுபோயிருவனுங்க. மில்லுல எங்க மானேஜர் அப்படித்தான் பண்ணுவாரு."

கணக்கு எழுதிய கை. தேதியை நகர்த்துவதெல்லாம் அதற்கு ஒரு வேலையே இல்லை.

"அப்ப கம்ப்யூட்டருக்கு இன்னைக்கு என்ன மாசம்?"

"பொரட்டாசிங்க."

"எந்த வருசத்துப் பொரட்டாசி?"

சென்னியப்பரின் குரல் இறங்கியது. "நான் மடத்துக்கு வந்த வருசத்துதுங்க."

வேலியோரம் பொங்கலுக்கு வாங்கிய கரும்பின் சக்கை கிடந்தது. தை மாதப் பனி இன்னும் விலகவில்லை.

"அது நம்புச்சா?"

"எதுங்க சாமி?"

"கம்ப்யூட்டர். பொரட்டாசின்னு நீங்க சொன்னதை அது நம்புச்சா?"

"அதுக்கென்னங்க தெரியும். நாம சொல்ற தேதிதான் அதுக்குத் தேதி."

அடிகள் மறுபடி கன்றுப் பக்கம் திரும்பிச் செம்பைச் சாய்த்தார். செம்பில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. வெறும் செம்பைச் சாய்த்தபடி வெகுநேரம் நின்றார்.

சென்னியப்பருக்குப் பயம் வந்தது. அடிகள் திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டார்.

"வாங்க, பாக்கலாம்," என்றார் அடிகள்.

கம்ப்யூட்டர் இருந்தது மடப்பள்ளிக்கு அடுத்த அறையில். அதன் நெற்றியில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. அடிகள் அந்த அறைக்குள் வருவதே அபூர்வம். வந்தவர் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க."

"திருப்பூர் எஞ்சினியர் ஒருத்தர் அமாவாசைக்கு அமாவாசை வருவாருங்களே, அவருதான் புதுசை முழுசா வாங்கிக் குடுத்தாரு. போன்லயே வழியும் சொன்னாரு. பழசு உக்காந்திருக்கற எடத்துல புதுசு உக்காராது, மொதல்ல அதைச் சுத்தமா எடுத்துருங்கன்னாரு."

"எடுத்தா, அதுல எழுதினதெல்லாம் போயிருமா?"

"நானும் அப்படித்தான் பயந்தனுங்க. உங்க பேச்சு அத்தனையும் அதுலதானே இருக்குது. போகாதுன்னாரு. எழுதினது தனி, எழுத வச்சது தனியாமுங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதுங்க?"

"கடைசியா சொன்னது."

"எழுதினது தனி, எழுத வச்சது தனி."

அடிகள் கண்ணை மூடிக்கொண்டார். "ம். மேல சொல்லுங்க."

"எடுத்தனுங்க. ரீஸ்டார்ட் பண்ணுனனுங்க. புதுசைப் போட்டா, பழசோட மிச்சம் இருக்குதுன்னு நின்னு போச்சு. அந்த மிச்சத்தை வழிச்செடுக்கறதுக்குன்னே கம்பெனிக்காரன் ஒண்ணு வச்சிருக்கறானுங்க. அதையும் ஓட்டுனேன். மறுபடி ரீஸ்டார்ட். புதுசு பாதி வரைக்கும் வந்துச்சு. லைசென்சைக் குடுத்தா, இந்த லைசென்ஸ் இன்னும் தொடங்கலைங்குது."

"தொடங்கலையா?"

"இந்த மாசம் வாங்கினதுங்க அது. கம்ப்யூட்டருக்கு இன்னும் அந்தப் பொரட்டாசியே முடியலையே. ஒடனே எல்லாத்தையும் திரும்பச் சுருட்டிக்கிட்டு, பழசு உள்ள இருக்குதுன்னு மொதல்ல சொன்னதையே சொல்லுது."

சொல்லும்போதே சென்னியப்பருக்குச் சிரிப்பு வந்தது. அடிகள் சிரிக்காததால் அதை விழுங்கிக்கொண்டார்.

"இதுக்கு அந்த எஞ்சினியர் வழி சொல்லலையா?"

"சொன்னாருங்க. மொதல்ல இன்னைக்குத் தேதியை வைங்க, அப்பறம் பழையபடி மிச்சத்தை வழிச்சுட்டு ஏத்துங்கன்னாரு."

"வச்சீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்?"

சென்னியப்பர் கம்ப்யூட்டரில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினார்.

"கை வரலீங்க சாமி. பொரட்டாசின்னே பாத்துப் பழகிப்போச்சு. தேதியை நேராக்கினா, இவ்வளவு நாள் போயிருச்சான்னு தெரிஞ்சு போகுமில்லீங்களா. அதைப் பாக்கப் பயமா இருக்குது."

அடிகள் தலையை ஆட்டினார்.

"எனக்கும் கை வரலை," என்றார்.

சென்னியப்பருக்கு அது விளங்கவில்லை. பெரியவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டார். அடிகள் சொல்வது விளங்காதபோதெல்லாம் அவர் அப்படித்தான் விட்டுவிடுவார்.

"காளியாத்தாவைக் கூப்பிடுங்க."

காளியாத்தாள் மடத்துக்குச் சமைப்பவள். அடிகளுக்கும் முன்னால், சென்னியப்பருக்கும் முன்னால் அங்கே வந்தவள். மாவுக் கையோடு வந்து நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"ஆத்தா, பெரியவர் காசிக்குப் போனாரு இல்ல?"

"ஆமாங்க சாமி. இந்தப் பூசத்துக்காச்சும் வர்றாருங்களா?"

பெரியவர் என்றால் மடத்தின் மூத்த குரு. காசிக்குக் கிளம்பும்போது அடிகளை ஆசனத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனவர். 'நான் வர்ற வரைக்கும் உக்காந்து பாரு. வந்து முறையா பட்டம் கட்டறேன்' என்பது அவர் வார்த்தை. ஒவ்வொரு பூசத்துக்கும் ஊர் அவரை எதிர்பார்க்கும். பெரியவருக்கு உடம்பு முடியவில்லை, அடுத்த பூசத்துக்கு வந்துவிடுவார் என்று அடிகள் சொல்வார். ஊரும் சரி என்று பிரசாதம் வாங்கிக்கொண்டு போகும்.

"அவர் வரமாட்டாரு," என்றார் அடிகள்.

"ஒடம்புக்கு ரொம்ப முடியலீங்களா?"

"அங்கயே சமாதி ஆயிட்டாரு."

காளியாத்தாளின் கை நிலையைப் பிடித்தது. மாவு அதில் ஒட்டியது.

"எப்பங்க?"

"சென்னியப்பர் இங்க வந்தாரே, அதுக்கு முந்தின கார்த்திகையில. சத்திரத்துல இருந்து போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

 சென்னியப்பர் அடிகளின் முகத்தைப் பார்த்தார். பரீட்சை வைக்கிறாரோ என்று முதலில் நினைத்தார். குருமார்கள் அப்படியெல்லாம் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அந்த முகத்தில் பரீட்சை எதுவும் இல்லை.

காளியாத்தாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"நான் தெனமும் சோறு வடிச்சதும் மொதப் பிடி அவருக்குன்னு எடுத்து காக்காய்க்கு வச்சனுங்களே. போன எடத்துல பசியில்லாம இருக்கோணும்னு வச்சனுங்களே."

"ஆமா ஆத்தா."

"நீங்க பாத்துக்கிட்டுத்தானுங்க இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"உசுரோட இருக்கறவருக்குன்னு வச்சனுங்க சாமி."

அடிகள் தலை குனிந்தார்.

அவள் அழவில்லை, சபிக்கவும் இல்லை. நேரே கிணற்றடிக்குப் போனாள். வாளி இறங்கும் சத்தம் கேட்டது. சாவுச் செய்தி கேட்டால் தலைக்கு ஊற்ற வேண்டும். எத்தனை வருடம் கழித்துக் கேட்டால் என்ன, கேட்ட நேரம்தான் அவளுக்குக் கணக்கு.

"ஏனுங்க சொல்லலை?" சென்னியப்பரின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"சொன்னா நான் எந்திரிக்கணும். அவர் வர்ற வரைக்கும்தான் என்னை உக்காரச் சொன்னாரு. வரமாட்டாருன்னு தெரிஞ்சதும் எந்திரிச்சு, முறையா யாரையாச்சும் உக்கார வைங்கன்னு ஊர்கிட்டச் சொல்லியிருக்கணும். எந்திரிக்க மனசு வரலை."

"அதனால?"

"தேதியைப் பின்னாடி தள்ளி வச்சேன்."

 சென்னியப்பர் மனசில் பெரியவர் இல்லை, காசி இல்லை, ஊர் இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்கக் கூச்சமாகவும் இருந்தது. கேட்டுவிட்டார்.

"அப்ப என்னோட தீட்சை?"

"அதைக் குடுக்கற உரிமையை எனக்கு யாரு குடுத்தாங்க?"

"குடுக்கறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏமாத்திட்டீங்க சாமி."

"ஆமா."

இந்த 'ஆமா'வை சென்னியப்பர் எதிர்பார்க்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒப்புக்கொண்டவரிடம் என்ன செய்வது. கோபம் கைக்கும் வராமல் வாய்க்கும் வராமல் நெஞ்சிலேயே நின்றது.

"செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை நான் உக்காந்து அடிச்சது? அத்தனையும் பொய்யிங்களா?"

"அதெல்லாம் பெரியவர் சொன்னது. அவர் கிளம்பறதுக்கு முன்னாடி எனக்குச் சொன்னதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். எழுதினது தனின்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னனுங்க."

"போன் வந்த நாளுக்கு அப்பறம் நானா ஒரு வார்த்தை புதுசாச் சேத்தது கிடையாது. வரலை. அடிச்சவருக்குத் தெரிஞ்சிருக்குமே."

தெரிந்திருந்தது. போன ஆனியில் அடித்ததும் இந்த மார்கழியில் அடித்ததும் வரிக்கு வரி ஒன்றாக இருந்ததை சென்னியப்பர் கவனித்திருந்தார். அதை அவர் ஆழம் என்று நினைத்து உருகியிருந்தார். இப்போது அந்த உருக்கத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

அடிகள் எழுந்தார். நடுக்கூடத்துக்குப் போனார். கழுத்திலிருந்த உருத்திராட்சத்தைக் கழற்றி ஆசனத்தில் வைத்தார். காவித் துண்டை மடித்து அதன் பக்கத்தில் வைத்தார். கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்கீங்க போறீங்க?" சென்னியப்பர் வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

"வாய்க்காலுக்கு."

"நாளன்னிக்கு ஊரே வருமுங்க. நான் என்னன்னு சொல்றது?"

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கறேன்."

ஓடப் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று சென்னியப்பர் நினைத்தார். மில்லில் பார்த்திருக்கிறார். கரட்டுக் குன்றைச் சுற்றிப் போகும் பாதையில் அடிகள் மறையும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

கூடத்தில் ஆசனம் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குப் போய் உட்கார்ந்தார்.

செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. தேதியைத் திறந்தார். மாதத்தை ஒவ்வொன்றாக முன்னால் தள்ளினார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. பிறகு மாசி. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. இடையில் அவருடைய சம்சாரத்தின் திதி வந்து வந்து போனது. ஒன்றுக்கும் அவர் ஊருக்குப் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தள்ளினார்.

இன்றைய தேதியில் வந்து நின்றது.

மிச்சத்தை இன்னொரு முறை வழித்தெடுத்தார். ரீஸ்டார்ட் செய்தார். புதுசைப் போட்டார். இந்த முறை எங்கேயும் நிற்கவில்லை. லைசென்சைக் கேட்டது, கொடுத்தார், எடுத்துக்கொண்டது.

பேச்சுகளைத் திறந்து பார்த்தார். அத்தனையும் இருந்தன. ஒரு எழுத்து குறையவில்லை. கடைசி வரிக்குக் கீழே கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது. இனி எழுதலாம்.

எழுத ஒன்றும் இல்லை. அவருக்குக் கொஞ்சமும் சந்தோஷமாக இல்லை.

வாசலில் யாரோ கனைத்தார்கள்.

சென்னியப்பர் எட்டிப் பார்த்தார். வெளிவாசலுக்கு அந்தப் பக்கம், படிக்குக் கீழே, ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி. தலையிலிருந்து வாய்க்கால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெற்று மார்பில், உருத்திராட்சம் கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

அடிகள்தான்.

கதவு திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே வரவில்லை. கை கூப்பினார்.

"ஐயா, மடத்துல சேரலாம்னு வந்தனுங்க. எடம் இருக்குதுங்களா?"

 இந்த மனிதர் காலில் சென்னியப்பர் எத்தனை முறை விழுந்திருக்கிறார். இன்று இவர் கைகூப்பி நிற்கிறார், அதுவும் சென்னியப்பரை 'ஐயா' என்று அழைத்து. சாமி, இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தார். சொல்ல முடியவில்லை. எதிரே நின்றவர் விளையாடவில்லை.

கரட்டடி மடத்தில் புதிதாக வருகிறவர்களை உள்ளே இருப்பவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். ஊர், பேர், குலம் எதுவும் கேட்பதில்லை. சென்னியப்பர் அந்தக் கேள்வியை இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் இப்போது அவர்தான் இருந்தார்.

"எத்தனை நாளைக்குங்க?" என்றார். 

எல்லோரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான். இருந்து பார்க்கிறேன் என்பார்கள். அடிகள் அன்று பெரியவரிடம் அப்படித்தான் சொன்னாராம். சென்னியப்பர் அடிகளிடம் அப்படித்தான் சொன்னார்.

"இருந்து பாக்க வரலீங்க," என்றார் அடிகள். "இருக்க வந்தேன்."

சென்னியப்பரின் கை தானாக இடுப்புக்குப் போனது. அரைஞாண் கயிற்றில் வீட்டுச் சாவி இருந்தது. பூட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றியதில்லை.

தீட்சைக்காக இத்தனை காலம் காத்திருந்தவன் நான் என்று அவர் இதுவரை நினைத்திருந்தார். சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரும் இருந்துதான் பார்த்திருக்கிறார்.

படி இறங்கினார். அடிகளைத் தாண்டி ஓர் அடி போனார். திரும்பினார். அவர் பக்கத்தில், அவரைப் போலவே கை கூப்பி, மடத்தைப் பார்த்து நின்றார்.

இரண்டு பேரும் நின்றார்கள். கேட்பதற்கு வாசலில் யாரும் இல்லை.

காளியாத்தாள் ஈரத் தலையோடு மடப்பள்ளியிலிருந்து வந்தாள். காலி ஆசனத்தைப் பார்த்தாள். வெளியே கை கூப்பி நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள்.

"உள்ள ஆரும் இல்லீங்க," என்றாள். "வாங்க."